ஜூம் லென்ஸும் கிம்பலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சோனி ஏ7 4 கேமரா பாடியில் டாம்ரான் 28-75 ஜி2 ஜூம் லென்ஸ் மாட்டி, டி.ஜே.ஐ ஆர்.எஸ் 3 மினி கிம்பலில் (மோட்டாரால் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி) கல்யாண வீடியோ எடுக்கிறேன். 28 மி.மீ ஜூமில் பேலன்ஸ் செய்கிறேன். 75-க்குப் போய் மோட்டாரை நிறுத்தினால் லென்ஸ் கீழே சாய்கிறது. ஜூம் செய்தாலும் பேலன்ஸ் மாறாத லென்ஸ் எது? (வாசகர், மண்டபம்)

எடையில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. பாடி 658 கிராம், லென்ஸ் 540 கிராம், ஆக மொத்தம் 1.2 கிலோ. அந்தக் கிம்பல் 2 கிலோ வரை தாங்கும். எடையின் மையம் இடம் மாறுவதால்தான் சாய்கிறது. இந்த லென்ஸ் 75-க்குப் போகும்போது முன்பக்கம் வெளியே நீளும். வெளியே போகும் பகுதி 100 கிராம், அது 3 செ.மீ முன்னே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மையம் 2.5 மி.மீ நகரும். மோட்டார் இதைச் சமாளித்துவிடும். என்ன, பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

இப்போது இன்னொரு கணக்கையும் பாருங்கள். பேலன்ஸ் முடித்த பிறகு 40 கிராம் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) ஒன்றை லென்ஸ் முன்னே மாட்டுகிறீர்கள். அது மையத்திலிருந்து 12 செ.மீ முன்னே இருந்தால் மையம் ஏறக்குறைய 4 மி.மீ நகர்ந்துவிடும். ஜூம் செய்யும் கெடுதலைவிட இது அதிகம்! மோட்டார் சூடானால் பலரும் ஜூமைத்தான் குறை சொல்கிறார்கள். முதலில் ஃபில்டரைப் பாருங்கள். பேட்டரி, கார்டு, மைக், ஃபில்டர் எல்லாவற்றையும் மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றி, திருப்பும் திரையைப் படமெடுக்கும்போது எப்படி வைப்பீர்களோ அப்படியே வைத்த பிறகுதான் பேலன்ஸைத் தொட வேண்டும். திரையை அப்புறம் பக்கவாட்டில் விரித்தால் ரோல் (இடம்-வலம் சாய்வு) பேலன்ஸ் போய்விடும்.

கையில் இருக்கும் லென்ஸையே வைத்துக்கொள்வதானால் 28-ல் பேலன்ஸ் செய்யாதீர்கள். 50-க்கு அருகில் செய்யுங்கள். இரு பக்கமும் பிழை பாதியாகும்.

புதிதாக வாங்குவதென்றால், ஜூம் செய்தாலும் நீளம் மாறாத லென்ஸாகப் பாருங்கள். சோனி 16-35 எஃப்4 பி.இசட் வெறும் 353 கிராம், நீளம் மாறாது. ஜூம் மோட்டாரில் ஓடுவதால் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டியதில்லை. இது பெரிய வசதி. ஓடிக்கொண்டிருக்கும் கிம்பலில் வளையத்தைத் திருப்பினால் விரலின் தள்ளலை மோட்டார் எதிர்க்கும், அந்த உதறல் படத்தில் தெரியும். 35 போதாத இடத்தில் பாடியை ஏ.பி.எஸ்.சி முறைக்கு (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவது) மாற்றினால் சுமார் 52 கிடைக்கும். டாம்ரான் 17-28 எஃப்2.8-ம் நீளாது, 420 கிராம். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும், அதனால் மணவறை வெளிச்சம் குறைவென்றால் இதுதான் நல்லது. சிக்மா 28-45 எஃப்1.8-ம் நீளாத ரகமே. ஆனால் 960 கிராம். மினி கிம்பலில் முழு முகூர்த்தமும் கை தாங்காது. எங்கள் தேர்வு 16-35 பி.இசட்.

எந்த வரிசையில் பேலன்ஸ் செய்வது? கேமராவைப் பின்னால் தள்ளினால் அதன் அடியில் மாட்டும் பிளேட் முட்டிக்கொள்கிறது. (வாசகர், கீழக்கரை)

மோட்டாரை அணைத்துவிட்டு, அறைக்குள் செய்யுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள். அந்தக் காற்றே ஏமாற்றிவிடும்.

முதலில் டில்ட் (மேல்-கீழ் சாய்வு) பூட்டை மட்டும் திறந்து லென்ஸை வானம் பார்க்க நிறுத்துங்கள். லென்ஸ் உங்கள் பக்கமாகச் சாய்ந்தால் மேல்பகுதி கனம், கேமராவைக் கீழே இறக்குங்கள். முன்பக்கமாக விழுந்தால் மேலே ஏற்றுங்கள். அசையாமல் நின்றதும் லென்ஸைப் படுக்கை நிலைக்குக் கொண்டுவாருங்கள். தலை கவிழ்ந்தால் கேமராவைப் பின்தள்ள வேண்டும், நிமிர்ந்தால் முன்தள்ள வேண்டும். பிறகு 45 டிகிரியில் விட்டுப் பாருங்கள். விட்ட இடத்தில் நின்றால் டில்ட் முடிந்தது. இந்த 45 டிகிரிச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை. மேல்-கீழ் பேலன்ஸில் மீதமிருக்கும் பிழை இங்கேதான் பிடிபடும்.

அடுத்து ரோல்: எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். கடைசியாகப் பேன் (இடம்-வலம் திரும்புவது): கைப்பிடியைப் படுக்கையாகச் சாய்த்துப் பிடியுங்கள். கிம்பலின் கை தானாகச் சுழன்று இறங்கினால் அந்தப் பேன் கையை நகர்த்துங்கள். எல்லாப் பூட்டையும் இறுக்கி, சமதரையில் வைத்து ஆட்டோ டியூனை (கிம்பல் தானே மோட்டார் வலுவைச் சரிசெய்துகொள்வது) ஓட்டுங்கள். லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் இது வேண்டும். மோட்டார் வலு தேவைக்கு மேல் போனால் கைப்பிடியில் ரீங்காரம் கேட்கும், குறைந்தால் கேமரா பின்தங்கித் தள்ளாடும்.

பிளேட் முட்டுவதற்கு: கேமராவின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிளேட்டின் மேலேயே கேமராவைப் பின்னுக்கு நகர்த்தி முடுக்குங்கள். அதற்குப் பிறகும் தலை கவிழ்ந்தால் அந்த லென்ஸ் அந்தக் கிம்பலுக்கு நீளம் என்று அர்த்தம். மோட்டார் வலுவைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

பாம்பன் புதுப் பாலத்தின் தூக்குப் பகுதி மேலே ஏறுவதை 70-200 லென்ஸில், கிம்பலில் எடுக்கலாமா? கச்சான் காற்றில் (தென்மேற்குக் காற்று) படம் ஆடுகிறது. (வாசகர், இராமேஸ்வரம்)

வேண்டாம். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மெதுவாக ஏறும் காட்சிக்கு நீங்கள் நடக்கவே வேண்டியதில்லை. கனமான டிரைபாடு போதும். நடுக்கம்பத்தில் மணல் பை தொங்கவிடுங்கள், லென்ஸ் ஹூடைக் கழற்றிவிடுங்கள். சாலைப் பாலத்தின்மேல் நின்று எடுத்தால், லாரி போகும்போதெல்லாம் தளம் அதிரும். 200-ல் அது அப்படியே பதிவாகும். கரையிலிருந்து எடுங்கள்.

கிம்பல்தான் வேண்டுமென்றால், சோனி 70-200 எஃப்4-இன் பழைய மாடல் நீளாது, 840 கிராம். 3 கிலோவோ அதற்கு மேலோ தாங்கும் கிம்பலில், லென்ஸ் தாங்கியோடு மாட்டுங்கள். லென்ஸின் ஸ்டெபிலைசரை (ஆட்டத்தைக் குறைக்கும் அமைப்பு) அணைக்காதீர்கள். அகலக்கோணத்தில் நிலைமை வேறு: 24-க்குக் கீழே பாடி ஸ்டெபிலைசர் ஓடினால் படத்தின் மூலைகள் நெளியும், அங்கே அணைத்துவிடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள்.

தேவிபட்டினத்தில் வள்ளத்தில் எடுக்கும்போது அடிவானம் சாய்ந்து போகிறதே? (வாசகர், திருப்பாலைக்குடி)

படகு வளையும்போது ஏற்படும் பக்கவாட்டு விசையை சென்சார் புவியீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறது. படகு நேராக ஓடும்போதே ஷாட்டைத் தொடங்கி முடியுங்கள். கலிப்ரேஷனைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். ஆடும் படகில் செய்தால் தவறான மட்டம் பதிந்துவிடும். அலை மேலும் கீழும் தூக்குவதைக் கிம்பல் திருத்தாது. முழங்காலை மடக்கி நின்று நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். படகின் விளிம்பு படத்தில் விழாதபடி பார்த்துக்கொண்டால் அந்த ஏற்ற இறக்கம் கண்ணை உறுத்தாது.

நடுப்பகலில் எந்த என்.டி.? தனுஷ்கோடி மணலில் ஜூம் லென்ஸை எப்படிக் காப்பது? (வாசகர், உச்சிப்புளி)

25 ஃபிரேம், ஷட்டர் 1/50, எஃப்4, ஐ.எஸ்.ஓ 100 என்றால் என்.டி.32 (வெளிச்சத்தை 32-இல் ஒரு பங்காக்கும்). எஸ்-லாக்3-இல் (பிறகு நிறம் திருத்துவதற்கான சோனியின் பதிவு முறை) ஐ.எஸ்.ஓ 800 வைத்தால் என்.டி.256. திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை என்.டி.யில் இரண்டு கண்ணாடி இருப்பதால் கனம் கூடும். ஒரே வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒற்றைக் கண்ணாடி ஃபில்டரே கிம்பலுக்கு ஏற்றது.

நீளும் ஜூம் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும், அதோடு உப்பும் பொடி மணலும் போகும். வளையம் நறநறவென்றால் அதற்குமேல் திருப்பாமல் சர்வீசுக்குக் கொடுங்கள். அரிச்சல்முனையில் லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டாம். திரும்பியதும் முதலில் பிளோயரால் ஊதுங்கள். ஊதாமல் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் லென்ஸின் வெளிப்பக்கத்தையும் கிம்பல் கைகளையும் துடைத்து, உலர விட்டு, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். பிளேட் ஓடும் தண்டவாளத்தில் மணல் சிக்கியிருந்தால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், எண்ணெய் போடாதீர்கள்.