மொசார்ட் வாசிக்க இரண்டாவது கிளாரினெட் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஒன்றரை வருடமாக பி ஃபிளாட் கிளாரினெட் கற்கிறேன். மொசார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவைப் பழக ஆசை. ஆனால் நோட்டில் 'ஏ கிளாரினெட்டுக்கு' என்று போட்டிருக்கிறது. இன்னொன்று வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கையில் இருப்பதிலேயே தாராளமாகத் தொடங்குங்கள்.

ஏ கிளாரினெட் சற்று நீளமானது, ஸ்ருதி அரை சுரம் கீழே. விரல் வைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். அதே நோட்டை உங்கள் கருவியில் வாசித்தால் ஏ மேஜருக்குப் பதில் பி ஃபிளாட் மேஜரில் ஒலிக்கும், அவ்வளவுதான். பியானோ சேரும்போது மட்டும் கவனம் வேண்டும். பியானோ பகுதியையும் பி ஃபிளாட்டுக்கு மாற்றி எழுதிய பதிப்புகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் சுரத்திலேயே இருவரும் முட்டிக்கொள்வீர்கள்.

சரி, ஏன் இரண்டு கருவி? மொசார்ட் காலத்துக் கிளாரினெட்டில் துளைகளை மூடித் திறக்கும் கீகள் ஐந்தாறுதான். ஷார்ப் (அரை சுரம் உயர்த்தும் குறி) கூடக் கூட விரல்கள் திண்டாடும். ஏ மேஜரில் மூன்று ஷார்ப். ஏ கிளாரினெட்டுக்கு அதைச் சி மேஜராக எழுதுவார்கள், ஒரு ஷார்ப்பும் கிடையாது. அதே ஸ்ருதியில் பி ஃபிளாட் கருவியில் வாசித்தால் ஐந்து ஷார்ப்! பிற்பாடு கீகள் பெருகி அந்தச் சிரமம் குறைந்தது. ஆனாலும் ஏ கிளாரினெட் போகவில்லை. அதன் குரலில் கொஞ்சம் கூடுதலான கனிவு இருப்பதாகவே என் காதுக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம். 1791இல் மொசார்ட் இந்தக் கான்செர்ட்டோவை எழுதியது அன்டன் ஸ்டாட்லர் என்ற கிளாரினெட் கலைஞருக்காக. அவருடைய கருவி சாதாரணக் கிளாரினெட்டின் கடைசி சுரமான 'ஈ'க்கும் கீழே, 'சி' வரை இறங்கும். மொசார்ட்டின் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. நம் கைக்கு வரும் வழக்கமான பதிப்புகளில் அந்த அடி சுரங்களை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். கீழே இறங்கிக்கொண்டே வரும் ஒரு வரி திடீரென்று மேலே தாவினால் குழம்ப வேண்டாம், காரணம் அதுதான்.

எப்போது வாங்கலாம்? வயலின், செல்லோவோடு மொசார்ட்டின் 1789 குயின்டெட்டையோ (ஐந்து பேர் சேர்ந்து வாசிப்பது) பிராம்ஸின் 1891 குயின்டெட்டையோ வாசிக்கும் நாள் வரும்போது. அவர்கள் உங்களுக்காக அரை சுரம் நகர மாட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவில் உட்காருவதானாலும் இரண்டும் வேண்டும்.

வாங்கும்போது உங்கள் மௌத்பீஸையே மாட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள். அடி சுரம் ஒன்றை ஊதி, விரலை எடுக்காமல் ரெஜிஸ்டர் கீயை (சுரத்தை மேலே தாவ வைக்கும் கீ) அழுத்துங்கள். 'சி' ஊதினால் அடுத்த ஸ்தாயி 'சி' வராது, அதற்கும் மேலே உள்ள 'ஜி' வரும். இரண்டையும் ட்யூனரில் பாருங்கள். இப்படி ஒவ்வொரு சுரமாகப் போங்கள். ஆனால் முதலில் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிடுங்கள். குளிர்ந்த கிளாரினெட் ஸ்ருதி இறங்கித்தான் பேசும்.

அதுவரைக்கும் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியான அடாஜியோவை எடுங்கள். அங்கே விரலுக்கு வேலை குறைவு, முழுக்க மூச்சுதான்.