சூடுநீர்க் குழாயில் அடைபட்ட காற்று

கேள்வி: சோலார் ஹீட்டர் தொட்டியைக் கழுவிய நாளிலிருந்து, குளியலறையில் சூடுநீர் விட்டுவிட்டுச் சீறி, பிறகு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, உதகை

பதில்: தொட்டி காலியானபோது புகுந்த காற்று, மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காகக் குழாயை ஏற்றி இறக்கியிருக்கும் வளைவின் உச்சியில் தங்கியிருக்கக்கூடும், மேல்தொட்டி நீரின் அழுத்தம் குறைவாதலால் அதைத் தள்ள இயலுவதில்லை. வெயில் ஏறுமுன், மோட்டாரிலிருந்து நேராக வரும் தண்ணீரை ரப்பர் ஹோஸ் மூலம் சூடுநீர்க் குழாயின் வாய் வழியே மெதுவாகப் பின்னோக்கிச் செலுத்தினால், காற்று தொட்டிக்கு ஏறி, அதன் மேலுள்ள காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியேறிவிடும். ஆனால் அந்தக் குழாயின் வாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கிறதா என்று முதலில் அவசியம் பாருங்கள். அடைபட்டிருக்கும்போது அழுத்தம் கொடுத்தால் தொட்டியே வெடித்துவிடக்கூடும். உதகையின் உயரத்தில் நீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், ஆவி வெளியேறவும் அந்த வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். சீறும் குழாயருகே குழந்தைகளை விடாதீர்கள். கொப்புளம் வர ஒரு நொடி போதும். தொல்லை தொடர்ந்தால், வளைவை நீக்கி, குழாய் தொட்டியிலிருந்து ஒரே சரிவாக இறங்கும்படி பிளம்பரைக் கொண்டு மாற்றிவிடுங்கள்.