சொந்த முகவரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையம் நான்கைந்து பெருநிறுவனங்களின் பிடிக்குள் போய்விட்டது என்று தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். எனக்கு இது மிகையாகப் படுகிறது. முன்பு தளம் நடத்தத் தெரிந்தவர்கள்தான் எழுதினார்கள். இன்று என் அம்மா கைப்பேசியில் தினமும் எழுதுகிறார். யாரும் தடுக்கவில்லை, காசும் கேட்கவில்லை. இதைவிடத் திறந்த வலை எது?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் அம்மா எழுதுவது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. அந்த வசதியை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் எழுத முடிகிறதா என்பதோடு, எழுதியது யார் வீட்டில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

என் நண்பர் ஒருவர் ஆறு ஆண்டுகள் ஒரு சமூக வலைத்தளத்தில் மட்டுமே எழுதினார். ஒருநாள் காலை உள்ளே நுழைந்தால், விதிமுறைகளை மீறியதால் கணக்கு முடக்கப்பட்டது என்று ஒற்றை வரி. எந்த விதி என்று இல்லை. மேல்முறையீடு செய்தார், சில நிமிடங்களில் இயந்திரம் எழுதிய மறுப்பு வந்தது. என் கட்டுரைகளில் அவர் பதிவுகளுக்குக் கொடுத்திருந்த சுட்டிகளை (லிங்க்குகளை) ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எல்லாமே நுழைவுப் பக்கத்தில் போய் நின்றன. அவர் எழுத்து போனதோடு, என் கட்டுரைகளிலும் ஓட்டை விழுந்துவிட்டது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

வலை இப்படி இருக்க வேண்டியதில்லை. 1993-இன் தொடக்கத்தில், இணையத்தில் தகவல்களைத் தேடிப் படிக்க கோஃபர் என்ற இன்னொரு முறையும் பரவலாக இருந்தது. அதை உருவாக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம், தளங்களை வழங்கும் சர்வர் மென்பொருளின் சில பயன்பாடுகளுக்குக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. பலர் விலகத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் உலகளாவிய வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. யாரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் சர்வர் வைக்கலாம், உலாவி (பிரவுசர்) எழுதலாம், எவருக்கும் சுட்டி கொடுக்கலாம். திறந்த வலை என்று நான் சொல்வது இந்த அனுமதி கேட்காத நிலையைத்தான்.

அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. ஓபெரா உலாவி 2013-இலும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி 2020-இலும், பக்கங்களைத் திரையில் காட்டும் சொந்த மென்பொருளைக் கைவிட்டு, கூகுள் முன்னின்று நடத்தும் குரோமியம் என்ற உலாவி மென்பொருளுக்கு மாறின. 2023-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு திட்டம் வைத்தார்கள்: உலாவி நம்பத்தக்கதுதான் என்று வேறொருவர் சான்று தர, அதைத் தளங்கள் கேட்டு வாங்கும். கடும் எதிர்ப்பு எழுந்து அதே ஆண்டு கைவிடப்பட்டது. நிறைவேறியிருந்தால், புதிதாக உலாவி எழுதும் மாணவர் சான்றுக்காகக் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

'யாரும் தடுக்கவில்லை' என்கிறீர்கள். தேடுபொறியை மாற்றவும் யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் ஆப்பிளின் சஃபாரி உலாவியில் இயல்பான தேடுபொறியாகத் தானே இருப்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம், தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தது. மாற்றலாம் என்றாலும் பெரும்பாலோர் மாற்றமாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்குத்தான் இவ்வளவு விலை.

அம்மா இருக்கும் இடத்திலேயே எழுதட்டும். ஆனால் இந்த வாரமே அவர் பதிவுகளைத் தரவிறக்கி வையுங்கள். அமைப்புகள் பகுதியில் பெரும்பாலும் அதற்கு வழி இருக்கும். பிறகு அவர் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கி, அவற்றை அங்கே ஏற்றுங்கள். புதிய பதிவுகளை வாசகருக்குத் தானாகவே கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடையையும் திறந்துவிடுங்கள். முகவரியை எனக்கு அனுப்பினால் நான் தினமும் படிக்கும் ஓடைகளில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.