லேபிளில் இருப்பவர்தான் பாடியவரா?

கேள்வி: வெளிநாட்டு இசைத்தட்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவரே பாடியிருப்பார். கல்லூரி நாட்களில் போனி எம் என்ற பாப் குழுவின் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைத்துக் கைதட்டல் வாங்கும் மோசடி நம் சினிமாவுக்கு மட்டுமே உரிய இழிவு. உங்களால் மறுக்க முடியுமா?
— வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: முடியும். அதற்கான சாட்சி உங்கள் கேசட்டிலேயே இருக்கிறது. 'டாடி கூல்' (1976), 'ரஸ்புதின்' (1978) ஆகிய பாடல்களில் நீங்கள் கேட்டு மயங்கிய அந்தக் கனத்த ஆண்குரல், மேடையில் சுழன்று சுழன்று ஆடிய பாபி ஃபாரெலுடையது அன்று. அந்தக் குழுவை உருவாக்கிய ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமே பாடி வைத்தது. அட்டைப்படத்தில் சிரிக்கும் நால்வரில் பதிவில் பாடியவர்கள் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் என்ற இரு பெண்கள் மட்டுமே. இதே ஃபாரியன் பின்னாளில் மில்லி வனிலி என்ற பெயரில் இரண்டு இளைஞர்களை வாயசைக்க வைத்தார். குட்டு வெளிப்பட்டதும் 1990இல் அவர்களுக்குக் கொடுத்த கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. அவமானம் வாயசைத்தவர்களுக்கு, வேலையைச் செய்வித்தவருக்கு அவ்வளவாக இல்லை.

இது ஐரோப்பியக் குறும்பு என்று நீங்கள் தள்ளிவிடக்கூடும் என்பதால் அமெரிக்காவுக்கும் போய் வருவோம். 1962இல் 'ஹீஸ் எ ரெபெல்' என்ற பாடல் அந்நாட்டில் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. இசைத்தட்டில் இருந்த பெயர் 'தி கிரிஸ்டல்ஸ்'; நியூயார்க்கைச் சேர்ந்த இளம்பெண்கள் குழு. அதே பாடலை வேறொரு நிறுவனமும் வெளியிடப் போகிறது என்று அறிந்த தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், நாட்டின் மறுகோடியில் இருந்த அந்தப் பெண்கள் வந்துசேரும்வரை பொறுத்திருக்க மனமில்லாமல், லாஸ் ஏஞ்சலீஸில் கோல்டு ஸ்டார் கூடத்தில் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த டார்லீன் லவ் என்ற பாடகியையும் அவருடைய 'பிளாசம்ஸ்' குழுத் தோழியரையும் பாட வைத்து, கிரிஸ்டல்ஸின் பெயரை ஒட்டி விற்றார். பாடியவருக்குப் பேசிய கூலி கிடைத்தது; பெயர் கிடைக்கவில்லை. தாங்கள் பாடாத பாடல் வெற்றி பெற்றுவிட்டதால், கிரிஸ்டல்ஸ் பெண்கள் அதைக் கற்றுக்கொண்டு மேடைதோறும் பாட வேண்டியதாயிற்று. நம் ஊரில் நடிகைக்குக் குரல் இரவல் கொடுத்தார்கள். அங்கே பாடகிகளுக்கே இரவல் கொடுத்திருக்கிறார்கள்! அடுத்த பாடல் உன் பெயரில்தான் வரும் என்று டார்லீனுக்குச் சொல்லப்பட்டதாம். அதுவும் கிரிஸ்டல்ஸ் பெயரிலேயே வந்தது.

ஹாலிவுட் சினிமாவின் கதையும் அதுதான். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) நாடலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி'யில் (1964) ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர் மார்னி நிக்சன். இரண்டு படங்களின் டைட்டிலிலும் அவர் பெயர் இல்லை.

நம்மவர்கள் யோக்கியர்கள் என்று நான் வாதாடவில்லை. ஏவி.எம்.மின் 'ஸ்ரீ வள்ளி'யில் (1945) குமாரி ருக்மிணி பாடியிருந்த பாட்டுகளை எடுத்துவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். பம்பாயில் 'மஹல்' (1949) படப் பாடலின் இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாக மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயரான 'காமினி' என்பதையே அச்சிட்டார்கள். இல்லாத ஒருத்தியைப் பாடகியாக்கிய பெருமை அந்த லேபிளுக்கு உண்டு. யார் இந்தக் காமினி என்று நேயர்கள் வானொலியைத் துளைத்தெடுத்த பிறகே உண்மைப் பெயர் ஒலிபரப்பாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இசைத்தட்டுகளில் பின்னணிப் பாடகரின் பெயர் ஏறியது. இலங்கை வானொலியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தோடு பாடியவர் பெயரையும் சொன்னார்கள். 1959 முதல் ஃபிலிம்ஃபேர் பின்னணிப் பாடலுக்கென்று தனி விருதே கொடுத்தது. டி.எம். சௌந்தரராஜன் பாடுகிறார், சிவாஜி வாயசைக்கிறார் என்பது டிக்கெட் வாங்கும்போதே கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்து, பெயரும் அச்சாகி, கூலியும் புகழும் பாடியவருக்குப் போய்ச் சேரும் ஒரு ஏற்பாட்டை 'மோசடி' என்று எந்த அகராதியைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? குரலை இரவல் கொடுப்பதில் இழிவு ஏதும் இல்லை. கொடுத்தவர் பெயரை மறைப்பதில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் 1962இன் அமெரிக்க லேபிளைவிட அதே ஆண்டின் நம் லேபிள் நாணயமானது.

அதற்காகக் கேசட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பாடியவர் யாராக இருந்தாலும், பாபி ஃபாரெலின் ஆட்டம் அவருடைய சொந்த ஆட்டம்தான். கேசட்டில் அது தெரியாது என்பதுதான் உங்கள் துரதிருஷ்டம்.