சிலிண்டருக்கும் ஒரு வாசல் வேண்டும்

கேள்வி: சார், அமெரிக்காவில் அனாபோலிஸ் துறையில் 30 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். 1982-இல் கட்டியது. அடுப்புக்கான புரோபேன் காஸ் சிலிண்டரைக் காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த பள்ளம்) இருக்கைக்கு அடியில், கயிறுகளோடும் பேட்டரியோடும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். "இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார் விற்றவர். அப்படியே விடலாமா?
- வாசகர், மேரிலாந்து

பதில்: விட வேண்டாம். முதலில் வால்வை மூடி, சிலிண்டரைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

வீட்டில் காஸ் வாடை வந்தால் கதவு ஜன்னலைத் திறக்கிறோம். தரையோடு தவழ்ந்து வாசல் வழியே போய்விடும். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தண்ணீர் மாதிரி பள்ளம் தேடித்தான் போகும். படகின் அடியில் ஏது வாசல்? தண்ணீர் புகாமல் இருக்கவென்றே செய்த தொட்டி அது. உள்ளே இறங்கிய காஸ் அங்கேயே கிடக்கும். காற்றில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே கலந்தாலே போதும், பேட்டரி முனையில் தெறிக்கும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பழைய படகுகளில் அந்த இருக்கைப் பெட்டி பெரும்பாலும் என்ஜின் பக்கம் திறந்தே இருக்கும். என் கவலையே அதுதான்.

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி வேண்டும். மேல்பக்கம் மட்டும் திறக்கலாம். படகின் உட்புறத்தோடு ஊசி நுழையும் இடைவெளிகூட ஆகாது. ஹோஸும் வயரும் நுழையும் துளைகளையும் அடைத்துவிடுங்கள். பெட்டியின் அடியிலிருந்து வெளியே போகும் குழாய்தான் சிலிண்டருக்கு வாசல். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பின் விதிப்படி அதன் உள்விட்டம் குறைந்தது அரை அங்குலம். வெளி முனை, படகுக்குள் திறக்கும் எதிலிருந்தும் 20 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். படகு சாய்ந்து ஓடும்போதும் முனை நீருக்குள் போகக் கூடாது. குழாய் நெடுகச் சரிவாக இறங்கட்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வழியை அடைத்துவிடும்.

குழாய் இருந்தால் மட்டும் போதாது. நான் படகுகளைப் பழுது பார்ப்பவன். போன ஏப்ரலில் ஒரு படகில் எல்லாமே விதிப்படி இருந்தது. வழக்கம்போல பெட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். சொட்டுகூட இறங்கவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தபோது காய்ந்த மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. குளவிக் கூடு! ஜன்னல் மூலையில் கட்டுமே, அதே களிமண். அதற்குள் சுருண்டு கிடந்த சிலந்திகள். அதற்கு முந்தைய கோடை முழுவதும் இரண்டு குழந்தைகள் அந்தப் படகில் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்த வாளித் தண்ணீரை நீங்களும் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊற்றிப் பாருங்கள்.

ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். அடுப்புக் குமிழ்களை மூடிவிட்டு, காஸை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வை ஆன் செய்து, சிலிண்டரைத் திறந்து உடனே மூடுங்கள். முள் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுங்கள், தீக்குச்சி பக்கமே போக வேண்டாம். காஸ் அலாரத்தின் சென்சார் தரையோரம் இருக்கட்டும். கூரையில் மாட்டினால் காஸ் அதை எட்டவே எட்டாது.

பெட்டி கட்ட இடமில்லையா? பின்பக்கக் கம்பித் தடுப்புக்கு வெளியே சிலிண்டரை நிமிர்த்தி இறுகக் கட்டலாம். கசிந்தாலும் நேரே கடலுக்குத்தான் போகும். ஆனால் பக்கத்தில் கேபின் ஜன்னல் எதுவும் இருக்கக் கூடாது.