ஒரே அலையில் மின்சாரமும் கட்டளையும்

கேள்வி: பேட்டரி இல்லாத வெப்ப சென்சார் செய்கிறேன். 866 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து, அதே அலையில் வரும் கட்டளையையும் படிக்க வேண்டும். 10 மீட்டரில் மல்டிமீட்டர் அரை வோல்ட் காட்டுகிறது. சிறு வோல்ட்டை உயர்த்தித் தரும் பிக்யூ25504 பூஸ்ட் சிப்பை இணைத்ததும் சரிந்துவிடுகிறது. கட்டளையும் குழம்பி வருகிறது. ஏன்?
– பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். சுமையே இல்லாத வோல்ட்டைத்தான் அது காட்டுகிறது. குறுக்கே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்து பாருங்கள்.

விதிப்படி ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட்தான் அனுப்பலாம். அதில் 10 மீட்டரில் உங்கள் ஆன்டெனாவுக்குச் சேர்வது சுமார் 30 மைக்ரோவாட். அலையை நேர்மின்சாரமாக்கும் எஸ்எம்எஸ்7630 ஷாட்கி டயோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்தாலே நல்லது; ஆக 6 மைக்ரோவாட். அந்தச் சிப் விழித்துக்கொள்ளவே சுமார் 15 மைக்ரோவாட் வேண்டும்! முதலில் 3 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள், பத்து மடங்குக்கு மேல் கிடைக்கும். சேமிப்புக்கு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வேண்டாம். 100 மைக்ரோஃபாரட் ஒன்றே சில மைக்ரோஆம்பியரைக் கசியவிடும், வேலூர் கோடையில் இன்னும் அதிகம். செராமிக் போடுங்கள்.

கட்டளை குழம்புவதற்குக் காரணம், சேமிக்கும் கெப்பாசிட்டரிலிருந்தே அதைப் படிக்கப் பார்ப்பது. கட்டளையைச் சுமந்து வரும் ஏற்ற இறக்கத்தையெல்லாம் அது விழுங்கிவிடும். ஆன்டெனாவிலிருந்து சிறு கெப்பாசிட்டர் வழியே நூற்றில் ஒரு பங்கை மட்டும் தனி டயோடுக்குப் பிரியுங்கள். படிக்க அது போதும். அங்கே 100 பிக்கோஃபாரட், 470 கிலோ ஓம் வைத்தால் வினாடிக்கு 1000 பிட் தெளிவாக வரும். சிக்னலை ஒப்பிட்டு 0, 1 என்று பிரிக்கும் கம்பாரேட்டருக்கு நிலையான ஒப்பீட்டு வோல்ட் கொடுக்காதீர்கள், தூரம் மாறினால் தவறும். சிக்னலின் சராசரியையே கொடுங்கள்.

இன்னொன்று: 0 என்றால் அலையை நிறுத்துவது என்று வைத்தால், தொடர்ந்து 0 வரும்போது சென்சார் பட்டினி கிடக்கும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்கும் ரீடரைப் பாருங்கள். அலையை மிக மிகக் குறுகிய நேரம் மட்டுமே தாழ்த்துகிறது. இரண்டு தாழ்வுக்கு இடைப்பட்ட நேரம் குட்டையானால் 0, நீண்டால் 1. பெரும்பாலான நேரம் அலை முழு அளவில் இருப்பதால் டேக்குக்கு மின்சாரம் அறுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: செல்போன் டவர் அலையிலேயே நிலத்து ஈரப்பத சென்சாரை ஓட்டலாமா?
– விவசாயி, குடியாத்தம்

பதில்: வேண்டாம். வயலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மைக்ரோவாட்டுக்கும் கீழே, டயோடிலேயே தீர்ந்துவிடும். நம்மூர் வெயிலில் விரல் நகமளவு சோலார் செல்லே மில்லிவாட் கணக்கில் தரும். அதையே போடுங்கள்.