நான் எந்த டிபார்ட்மெண்ட், சார்?

வணக்கம் சார்,

நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் நான், பி.எஸ்சி. கணிதம். இப்போது ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். தம்பிக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 171.5. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்கிறான். சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். 40 கல்லூரிகளை எக்செல்லில் போட்டு, என்.ஐ.ஆர்.எஃப். (மத்திய அரசின் தரவரிசை) இடம், அண்ணா பல்கலைக்கழகத் தேர்ச்சி விழுக்காடு, ஆசிரியர்–மாணவர் விகிதம், பிளேஸ்மெண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன் (இணைத்திருக்கிறேன்). கடைசியில் இரண்டு நிற்கின்றன. ஒன்று கோவைப் பக்கம், என்.ஐ.ஆர்.எஃப்.பில் 201–300 பட்டியலில் இருக்கிறது, ஹாஸ்டலில் தங்க வேண்டும். இன்னொன்று வீட்டிலிருந்து போய்வரும் தூரம், எந்தத் தரவரிசையிலும் இல்லை, ஆனால் தேர்ச்சி விழுக்காடு நன்றாக இருக்கிறது. கவுன்சிலிங் விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுவது? நான் டிகிரி முடித்துவிட்டதால் தம்பிக்கு முதல் பட்டதாரி சலுகை கிடையாது. அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

கல்லூரிக் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஜூன் வந்தால் தினமும் வருகின்றன. உங்கள் எக்செல் தாளில் 'ஆசிரியர்–மாணவர் விகிதம்' என்ற நிரலைப் பார்த்ததும் விட முடியவில்லை. கொஞ்ச நாளாகப் பழைய சகா ஒருவரோடு இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அம்மா விஷயம். அந்தக் கல்விக் கட்டணச் சலுகை தொழிற்படிப்புக்கானது. பி.எஸ்சி. படித்த உங்களுக்கு அதிலிருந்து ஒரு பைசா வந்ததில்லை. வீட்டில் அக்கா பட்டதாரி என்றால் தம்பிக்குக் கிடையாது என்ற விதி எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அது அரசோடு போட வேண்டிய சண்டை. 40 கல்லூரிகளை உட்கார்ந்து அலச அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அதற்கெல்லாம் எந்தத் தாசில்தாரும் சான்றிதழ் தர முடியாது. அம்மா மறுபடி ஆரம்பித்தால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

மெக்கானிக்கலா கம்ப்யூட்டரா என்பதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் மெக்கானிக்கல் என்கிறான், அப்புறம் என்ன? சொந்தக்காரர்களா வந்து செமஸ்டர் எழுதப்போகிறார்கள்?

இனி உங்களைத் திட்ட வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப். பொறியியல் பட்டியலில் 100 வரைக்கும்தான் தனித்தனி இடம். அதற்குப் பிறகு 101–150, 151–200, 201–300 என்று கூட்டமாகத்தான் போடுகிறார்கள். அந்தக் கோவைக் கல்லூரி 201-ஆ 300-ஆ என்று பட்டியலில் கிடையாது. நீங்கள் 250 என்று நீங்களாகவே போட்டு, அதைப் புள்ளி பிசகாமல் சராசரி எடுத்திருக்கிறீர்கள். கணிதம் படித்தவர் செய்கிற வேலையா இது? லாரி ஆபீசில் ஒரு டிரிப் ஷீட்டில் இப்படி எழுதினால் முதலாளி விடுவாரா?

அந்தப் பட்டியல் 2016-இலிருந்து வருகிறது. பொறியியலுக்கு 100-இல் 30 ஆராய்ச்சிக்கு, 10 பெயருக்கு. பெயர் என்றால் மற்றவர்கள் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது. முதல் வருடம் பட்டறையில் ஃபைல் பிடித்து இரும்பு தேய்க்கப்போகிற பையனுக்கு இந்த 40 மதிப்பெண்ணால் என்ன பிரயோஜனம்? மீதியில் பெரிய துண்டு, கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30. அதற்கு மறுபடி வருகிறேன்.

தேர்ச்சி விழுக்காட்டில் ஒன்றே ஒன்று. எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60 பேர் எழுதி 48 பேர் தேறினாலும் 80 விழுக்காடுதான், 900 பேர் எழுதி 720 பேர் தேறினாலும் 80 விழுக்காடுதான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கேள்வித்தாள் எடுப்பதும் அவர்களே, திருத்துவதும் அவர்களே. அந்த எண்ணையும் இந்த எண்ணையும் ஒரே நிரலில் போடக் கூடாது. நீங்கள் போட்டிருக்கிறீர்கள். சரி, போகட்டும்.

அந்த ஆசிரியர் நிரலுக்கு வருகிறேன். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு 1:14 என்று எழுதி, முழு மதிப்பெண் கொடுத்து, செல்லுக்குப் பச்சை வண்ணமும் அடித்திருக்கிறீர்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற ஏ.ஐ.சி.டி.இ. கேட்பதே 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர்தான்; 2018-க்கு முன்பு 15-க்கு ஒருவர். அதையும் தாண்டி நிற்கிறதே என்று உங்களுக்குச் சந்தோஷம். அந்த 14-ஐ யார் எண்ணியது?

படிப்பு முடித்த புதிதில் நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் லெக்சரராக இருந்தேன். பெயர் வேண்டாம். இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் அங்கே தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி இருக்கும். பெயர்ப்பலகைகளில் பெயிண்ட் காய்ந்திருக்காது. யாருமே உட்காராத ஸ்டாஃப் ரூமில் புது மேசைகள் வரும். காலையில் வேன்களில் ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

அப்படி ஒரு நாள், கேண்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். டை கழுத்துக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் எந்த டிபார்ட்மெண்ட், சார்?" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அசோசியேட் புரொபசர், மெக்கானிக்கல். காகிதப்படி அவர் எனக்குப் பல வருட சீனியர். பக்கத்து மாவட்டத்தில் உரக்கடை வைத்திருந்தார். எம்.இ. படித்தது நிஜம், சான்றிதழ் நிஜம். ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, இந்த செமஸ்டரில் அவர் 'நடத்திக்கொண்டிருந்த' இரண்டு பாடங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். குழு வந்தது, பெயர் கேட்டது, பதவி கேட்டது, ஒரிஜினல் சான்றிதழைப் புரட்டியது, டிக் அடித்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கவர் வாங்கிக்கொண்டு அதே வேனில் போய்விட்டார். போகும்போது, "ரொம்ப தேங்க்ஸ் சார், இந்த வருஷம் கேள்வி கம்மி" என்றார்.

அந்த வருடம் எங்கள் துறையில் விகிதம் கச்சிதம். நான் தெர்மோடைனமிக்ஸ் எடுத்தது இரண்டு செக்ஷனைச் சேர்த்து ஒரே ஹாலில். பின் பெஞ்சுக்குக் கரும்பலகை தெரியாது. பட்டறையில் ஒரு லேத்தைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். ஒருவன் கை வைப்பான், ஏழு பேர் ரெக்கார்டு எழுதுவார்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எடுத்த சகா செமஸ்டர் நடுவில் நின்றுவிட்டார். அவருடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. வேலையில் சேரும்போது எல்லோரிடமும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவற்றைத் திரும்ப வாங்க அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை. அவருக்குப் பதில் வந்தவரும் நின்றார். பிள்ளைகள் அந்தப் பாடத்துக்கு மூன்றாவது முகத்தைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அரியர் வைத்தார்கள். இது எந்தத் தரவரிசையிலும் ஏறவில்லை. உரக்கடைக்காரர் ஏறினார்.

பழைய கதை என்பீர்கள். 2024 ஜூலையில் ஊழலை எதிர்க்கும் அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் கொடுத்திருந்த ஆசிரியர் பட்டியலைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்தே எடுத்து ஒப்பிட்டுக் காட்டியது. 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகப் பதிவாகியிருந்தார்கள். செய்தி வந்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எங்கள் காலத்தில் ஆளையாவது வேன் வைத்துக் கூட்டிவந்தார்கள்.

நம் ஊரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் 'யு.எஸ். நியூஸ்' நிறுவனம் போடும் தரவரிசையில் கொலம்பியா பல்கலைக்கழகம் 2-ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் 2022-இல் தன் பல்கலைக்கழகம் கொடுத்த எண்களைச் சரிபார்க்க உட்கார்ந்தார். 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5 விழுக்காடு என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. அவர் வகுப்புப் பட்டியலை எடுத்து எண்ணியபோது 63-க்கும் 67-க்கும் இடையில்தான் வந்தது. அந்த செப்டம்பரில் கொலம்பியா 18-ஆம் இடத்துக்குப் போனது. உங்களைப் போல ஒரு கணக்குக்காரர்தான். ஆனால் நிர்வாகம் கொடுத்த எண்ணை எடுத்து அவர் சராசரி போடவில்லை, போய் எண்ணினார்.

என்.ஐ.ஆர்.எஃப்.பிலும் ஆசிரியர், மாணவர், செலவுக் கணக்கெல்லாம் பெரும்பாலும் கல்லூரி தானே நிரப்பி அனுப்புவதுதான். ஐ.ஐ.டி. மெட்ராஸ் முதலிடத்தில் நிற்பதைப் பற்றி நமக்குச் சண்டை கிடையாது. 171.5-க்குக் கிடைக்கிற கல்லூரிகளுக்குள் எது உருப்படி என்று பார்க்கத்தான் இந்தப் பட்டியல் உதவாது. அந்த இடத்தில்தான் நீங்களும் இருக்கிறீர்கள், ஆயிரக்கணக்கான குடும்பங்களும் இருக்கின்றன.

கவுன்சிலிங் பற்றி ஒரு வார்த்தை. இரண்டே இரண்டில் நின்றுவிட்டேன் என்கிறீர்கள். விருப்பப் பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, அந்த 40-லிருந்து சகித்துக்கொள்ளக்கூடிய எல்லாவற்றையும் போடுங்கள். மேலே ஆசைப்பட்டதைப் போட்டால் கீழே உள்ளது கைவிட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரேங்க் வரிசையில் உங்கள் முறை வரும்போது மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள், முதலில் காலியாக இருப்பது உங்களுக்கு. கல்லூரிப் பெயரை நம்பாமல் கவுன்சிலிங்கில் அதற்குக் கொடுத்திருக்கும் எண்ணைச் சரிபாருங்கள். ஒரே சாமி பெயரில் நாலு கல்லூரி இருக்கிறது.

எதை முதலில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் பார்க்காமல் நான் எப்படிச் சொல்வது? நீங்களும் பார்க்கவில்லை, வீடியோதான் பார்த்திருக்கிறீர்கள். ஒரு நாள் லாரி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேலைநாளில் போங்கள். வரவேற்பறையில் சாக்லேட் கொடுத்து உட்கார வைப்பார்கள், உட்காராதீர்கள். பஸ் நிற்கிற இடத்தில் இரண்டாம் வருடப் பிள்ளைகளைப் பிடித்து, போன செமஸ்டரில் நடுவில் மாறின சார் எத்தனை பேர், லேத்தில் நீ கை வைத்தாயா என்று மட்டும் கேளுங்கள். பிளேஸ்மெண்ட் பற்றிக் கேட்க வேண்டாம், மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்புறம் பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் என்று தேட ஆரம்பித்தார்களானால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிடுங்கள்.